இசை கேளுங்கள்: உறையில் இல்லாத பெயர்கள்

கே: மோட்டவுன் பாடல்களுக்குப் பின்னால் வாசித்தவர்களைப் பற்றிய ‘ஸ்டாண்டிங் இன் தி ஷேடோஸ் ஆஃப் மோட்டவுன்’ ஆவணப்படத்தைப் பார்க்கப் போகிறேன். சோல் இசை எனக்குப் புதிது. எதைக் கவனித்துக் கேட்க வேண்டும்? இத்தனை பெரிய வாசிப்புக்காரர்களின் பெயர் ஏன் வெளியே வரவில்லை?
*வாசகர், கொழிஞ்சாம்பாறை*

ப: படம் 2002-ல் வந்தது. இயக்கியவர் பால் ஜஸ்ட்மன். டெட்ராய்ட் நகரில் பெர்ரி கோர்டி 1959-ல் தொடங்கிய கம்பெனி மோட்டவுன். அங்கே முன்னால் நின்று பாடுகிறவர் மாறிக்கொண்டே இருப்பார், பின்னால் வாசிக்கிற கூட்டம் பெரும்பாலும் ஒன்றேதான். ‘ஃபங்க் பிரதர்ஸ்’ என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் 2648-ஆம் எண் வீடுதான் ஸ்டூடியோ. ஒலிப்பதிவு அறையைப் ‘பாம்புக்குழி’ என்பார்கள். கூரையிலிருந்து தொங்கிய வயர்களைப் பார்த்தால் காரணம் புரியும்.

பெயர் வராததற்குக் காரணம் எளிது. கம்பெனி விற்றது பாடகரின் முகத்தை. சிறிய இசைத்தட்டின் நடுக் காகிதத்தில் பாட்டு, பாடியவர், எழுதியவர் என்று போட்டாலே இடம் தீர்ந்துவிடும். பாடகர் மார்வின் கேயின் 1971-ஆம் வருட ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தட்டின் உறையில்தான் முதல் தடவையாக வாசித்தவர்கள் பெயர் முறையாக அச்சானது. மறு வருடமே கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. டெட்ராய்ட்டிலேயே தங்கிவிட்ட பலர் கிளப்புகளுக்கு வாசிக்கத் திரும்பினார்கள்.

படத்துக்கு முன் டெம்ப்டேஷன்ஸ் குழு பாடிய ‘மை கேர்ள்’ பாட்டை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை தொடக்கத்தில் தனியாக வரும் பேஸ் கிட்டாரை மட்டும்: ஜேம்ஸ் ஜேமர்சன். அடுத்த முறை அதன் மேல் படியேறி வரும் கிட்டாரை: ராபர்ட் ஒயிட். பாடகரை மூன்றாம் முறை கேட்டுக்கொள்ளலாம். அந்த ஒயிட், ஹோட்டலில் இந்தப் பாட்டு ஒலிக்கும்போது பரிமாறுகிறவரிடம் “இது நான் வாசித்தது” என்று சொல்ல வாயெடுத்து, நம்பமாட்டார் என்று விழுங்கிவிடுவதாகப் படத்தில் ஒரு காட்சி வரும். படம் முழுவதும் சொல்வது அந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது.

ஒரு குறையும் உண்டு. எண்ணற்ற மோட்டவுன் பாடல்களில் பின்குரல் கொடுத்த ‘ஆன்டான்டீஸ்’ பெண்கள் மூவருக்கும் தட்டில் பெயர் இல்லை. பெயரில்லாதவர்களுக்காக எடுத்த படத்திலும் அவர்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

கே: எங்கள் சர்ச் குவயரில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். சாதாரண நான்கு கம்பி பேஸ். ஜேமர்சனின் அந்தத் தடித்த, மழுங்கிய ‘தொம்’ ஓசை எப்படி வரும்? மிக்சரில் ட்ரெபிளை முழுக்கக் குறைத்தும் வரவில்லை. வெறும் முழக்கம்தான் மிஞ்சுகிறது.
*வாசகர், களியக்காவிளை*

ப: ட்ரெபிளில் கை வைத்ததுதான் பிழை. ஜேமர்சன் டோன் குமிழை முழுக்கத் திறந்தே வைத்திருந்தார். ஓசை மழுங்கியது கம்பியிலும் ஸ்பாஞ்சிலும்.

முதலில் கம்பி. உங்களிடம் இருப்பது ரவுண்ட்வவுண்டாக இருக்கும். நகத்தால் தேய்த்தால் ‘கரகர’ என்று கேட்கும். வேண்டியது ஃப்ளாட்வவுண்ட், வழவழப்பாக இருப்பது. அவர் போட்டது லா பெல்லா நிறுவனத்தின் கனத்த செட்: 0.052, 0.073, 0.095, 0.110 அங்குலம். அதே செட்டை வாங்கி மாட்டிவிடாதீர்கள். சாதாரண பேஸின் நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் படியும் சிறு கட்டை) உள்ள பள்ளங்கள் இந்தத் தடிமனுக்கு வெட்டப்பட்டவை அல்ல. ஜி கம்பி பள்ளத்தில் இறுகி, சுருதி சேர்க்கும்போது ‘டிக்’ என்று குதிக்கும். இழுவிசையும் அதிகம், கழுத்து முன்பக்கம் வளையும். 0.045 முதல் 0.105 வரையிலான ஃப்ளாட்வவுண்ட் போதும்.

மாட்டி ஒரு நாள் விட்டுவிட்டு வளைவைப் பாருங்கள். மேல் கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், ஏழாம் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி, ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர், இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் ட்ரஸ் ராடை, அதாவது கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டை, கால் சுற்று இறுக்கி, சில மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஒரே மூச்சில் அரைச் சுற்று, முக்கால் சுற்று என்று திருகினால் ராட் உடையும். கழுத்து போனால் பேஸே போன மாதிரி.

அடுத்து ஸ்பாஞ்ச். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் பச்சைச் சொரசொரப்பை உரித்துவிட்டு மஞ்சள் பாகத்தை எடுங்கள். 7 சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை சென்டிமீட்டர் அகலம். பிரிட்ஜை ஒட்டி, கம்பிக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைவிட உயரம் 2 மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டிச் செருகுங்கள். மீட்டினால் ஓசை ஒன்றிரண்டு விநாடியில் அடங்க வேண்டும். ‘டொக்’ என்று மரத்தைத் தட்டுவது போல உடனே செத்தால் ஸ்பாஞ்ச் உயரம் அதிகம். கத்தரியால் மேலே சீவுங்கள். ஒரு கம்பி மட்டும் நீண்டு ஒலித்தால் அந்த இடத்தில் தொடவில்லை என்று அர்த்தம். பிரிட்ஜை விட்டு நகர்த்தி வைத்தால் சுருதி பிசகும்.

வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றே. மீதி விரல்களைப் பிக்கப்பின் மேல் ஊன்றிக்கொள்ளுங்கள். இரண்டு விரலால் மாற்றி மாற்றி வாசித்தால் எல்லா அடியும் ஒரே கனத்தில் விழுந்து தட்டையாகும். ஒரே விரல் என்றால் அடிக்கு அடி கனம் மாறும், அதுதான் அந்த நடை. இடது கை இடம் மாறும்போது திறந்த கம்பியை மீட்டி நேரம் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் பெரிய டபுள் பேஸில் பழகிய கை.

மிக்சருக்கு வருவோம். மோட்டவுனில் பேஸை நேராகப் பதிவு மேசையில் செருகினார்கள், ஆம்ப்புக்கு முன் மைக் வைக்கவில்லை. நீங்களும் நேராகவே கொடுக்கலாம், ஆனால் லைன் சாக்கெட்டில் அல்ல. பேட்டரி இல்லாத பேஸை அதில் செருகினால் ஓசை மெலிந்து மங்கிவிடும். நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் (கிட்டாரின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு கருவி) வேண்டும், அல்லது மிக்சரில் ‘ஹை-இசட்’ சுவிட்ச் உள்ள சேனல். நீங்கள் சொல்லும் வெறும் முழக்கத்துக்குக் காரணம் ஸ்பீக்கர் பெட்டி: தாழ்ந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், சர்ச்சில் உள்ள சிறிய ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. அங்கே மிக்சரின் பேஸ் குமிழைக் கூட்டிப் பயனில்லை. 700-800 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு, மூன்று டெசிபெல் ஏற்றுங்கள், சுரம் தெரியும்.

கம்பியை மாற்ற வேண்டுமா? அறுந்தால் ஒழிய அவர் மாற்றியதில்லை. உங்கள் பக்கக் கடல்காற்றுக்கு அப்படி விட்டால் துரு ஏறும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

கே: எங்கள் குழுவில் மூன்று கிட்டார். மூன்றும் சேர்ந்தால் ஒரே இரைச்சல். மோட்டவுனிலும் மூன்று பேர்தானே?
*வாசகர், நகரி*

ப: மூன்று பேர்தான், மூவரும் ஒரே இடத்தில் வாசிக்கவில்லை. ஜோ மெசினா கழுத்தின் மேற்பகுதியில், நான்கு அடியில் இரண்டாவதிலும் நான்காவதிலும் மட்டும் வெட்டினாற்போல் ஒரு அடி. எட்டி வில்லிஸ் கம்பியை உள்ளங்கையால் அமுக்கிச் சின்னச் சின்ன இழைப்பு. ராபர்ட் ஒயிட் நடுவில் முழுக் கார்டு, அதாவது பல சுரம் சேர்ந்த ஒலி. இன்றைக்கே பிரித்துப் பாருங்கள்: ஒருவருக்கு ஐந்தாம் ஃப்ரெட்டுக்குக் கீழே, ஒருவருக்குப் பத்துக்கு மேலே, மூன்றாமவருக்கு இரண்டே கம்பி. வெட்டுக்காரர் அடித்தவுடன் இடது கையைத் தளர்த்தி ஓசையை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய இரைச்சல்தான்.

கே: மலையாளப் பாட்டிலும் இப்படி மறைந்து நின்ற தமிழர் உண்டா?
*வாசகி, சித்தூர், பாலக்காடு*

ப: ஆர்.கே. சேகர். 1964-ல் ‘பழசிராஜா’ படத்துக்கு இசையமைத்தவர்தான், ஆனால் பெரும்பாலான உழைப்பு மற்ற இசையமைப்பாளர்களின் பாட்டுக்கு வாத்தியம் பிரித்து எழுதி நடத்தியது. 1976-ல் மறைந்தார். ஏ.ஆர். ரஹ்மானின் தந்தை என்றால்தான் இன்று பலருக்குத் தெரிகிறது.

கே: கேரள உற்சவங்களுக்கு வாசிக்கப் போன பழைய மெல்லிசைக் குழுக்காரர்கள் எங்கள் ஊரில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். சிலர் சினிமாப் பதிவிலும் வாசித்திருக்கிறார்கள். இருக்கும் பணத்தில் அவர்களைப் பற்றி ஒரு படம் எடுக்க எங்கே தொடங்குவது?
*வாசகர், செங்கோட்டை*

ப: மூத்தவரிடம் தொடங்குங்கள், கேமரா வாங்கும் முன்பே. மோட்டவுன் படம் வருமுன் டிரம்மர் பென்னி பெஞ்சமின் (1969), ஜேமர்சன் (1983), பியானோக்காரர் ஏர்ல் வான் டைக் (1992), ராபர்ட் ஒயிட் (1994) எல்லோரும் போய்விட்டார்கள். படத்தில் பேசும் டிரம்மர் ‘பிஸ்டல்’ ஆலன், படம் திரைக்கு வந்த 2002-லேயே அதற்குமுன் காலமானார்.

படத்துக்கு ஃபோன் போதும், ஒலிக்குப் போதாது. சட்டையில் குத்தும் மைக் ஒன்று, வாத்தியத்துக்கு ஒரு சிறிய ரெக்கார்டர். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். அளவுமானி மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். பேச்சுக்கு அளவு வைத்துவிட்டுக் கிளாரினெட்டைப் பதிந்தால் உச்ச சுரம் கிழியும், பின்னால் சரிசெய்ய வழியில்லை. மின்விசிறியை நிறுத்துங்கள், வியர்த்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போட்டு அணைக்கலாம்.

“உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள் ஐயா” என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில் வரும். பழைய பாட்டைப் போட்டுக் கையில் வாத்தியத்தைக் கொடுங்கள். எந்த இடத்தில் மூச்சு எடுத்தார், பக்கத்தில் யார் உட்கார்ந்தார், எத்தனை மைக் என்று விரல் நினைவிலிருந்து வரும். அப்போது கேமரா முகத்தில் அல்ல, கையில் இருக்கட்டும். பெயர்களை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். ஒரே மோட்டவுன் பாட்டின் பேஸை வாசித்தது யார் என்று இரு தரப்பு உரிமை கொண்டாடிய சர்ச்சை இன்றும் ஓயவில்லை. சம்பள வவுச்சர், சங்க அட்டை, நோட்டீஸ், குரூப் போட்டோ, இவற்றில் ஒன்றாவது கிடைத்தால்தான் டைட்டிலில் உறுதியாகப் போடலாம்.

பெரிய பொறி பாட்டின் உரிமை. லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோக்காரர்களைப் பற்றிய ‘தி ரெக்கிங் க்ரூ’ படத்தை 1996-ல் தொடங்கினார்கள், 2008-ல் விழாக்களில் காட்டினார்கள், பாட்டுக்களுக்குப் பணம் கட்டித் தியேட்டருக்கு வர 2015 ஆனது. நம் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு, வெளியானதற்கு அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம் காப்பு. அது முடிந்தாலும் பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் மறைந்து 60 வருடம் நீடிக்கும். அதனால் பழைய தட்டைப் பின்னணியில் ஓடவிடாதீர்கள். அவர்கள் உங்கள் முன் வாசித்துக் காட்டுவதையே பயன்படுத்துங்கள், முழுப் பாட்டு வேண்டாம், அதற்கும் இசை உரிமைக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாசித்தவருக்கும் சட்டத்தில் ‘நிகழ்த்துநர்’ என்று உரிமை உண்டு, 1994 திருத்தத்திலிருந்து. 2012-ல் ஒரு விலக்கு சேர்ந்தது: சினிமாவில் அவர் பங்கு தற்செயலானது, தொழில் வழக்கப்படி டைட்டில் உட்பட எங்கும் பெயர் போடாத வகை என்றால் அவர் நிகழ்த்துநர் ஆகமாட்டார்; தன் வாசிப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை மட்டும் மிஞ்சும். பெயர் போடாததையே பெயரில்லாததற்குக் காரணமாக்கும் வாசகம் இது. ஆகவே உங்கள் படத்தின் டைட்டிலில், அரை நிமிடம் ஜால்ரா தட்டியவர் பெயரும் வரட்டும். சம்மதக் கடிதத்தைத் தமிழிலோ மலையாளத்திலோ, அவருக்கு எது வாசிக்க வருமோ அதில் எழுதி, இரண்டு பிரதியில் கையெழுத்து வாங்கி, ஒன்றை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.