அடுக்குத் தும்மலும் அரையாண்டுத் தேர்வும்

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன் விடிந்ததும் அடுக்கடுக்காகத் தும்முகிறான். வகுப்பில் கவனமில்லை என்று ஆசிரியர் குறை சொல்கிறார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா? (காரைக்குடி வாசகி)

பதில்: உண்டு. இப்படி அடுக்கடுக்காகத் தும்முவது பெரும்பாலும் மூக்கு ஒவ்வாமை; அதில் மூக்கும் அடைத்துக்கொள்ளும். மூக்கடைத்த பிள்ளை இரவெல்லாம் வாயால் மூச்சுவிட்டுப் புரண்டு படுப்பதால், எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் ஆழ்ந்து உறங்காமல் எழுகிறது. அந்த அசதிதான் வகுப்பில் கவனக்குறைவாகத் தெரிகிறது. மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் அடைபட்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டால் காதும் மந்தமாகும். கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையைக் கடிந்துகொள்ளும் முன் காதைப் பரிசோதித்துவிடுங்கள்.

கேள்வி: சளி சிரப் கொடுத்தால் தும்மல் நின்றுவிடுகிறது. தேர்வு நாளிலும் கொடுக்கலாமா? (தேவகோட்டை வாசகர்)

பதில்: தூக்கம் வரவழைக்கும் குளோர்பெனிரமின் கலந்த பழைய வகை சிரப் என்றால், நானாக இருந்தால் கொடுக்கமாட்டேன். பிரிட்டனில் மகரந்த ஒவ்வாமை உள்ள பதின்வயது மாணவர்களிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், மாதிரித் தேர்வைவிட இறுதித் தேர்வில் தரம் இறங்கும் வாய்ப்பு, தேர்வு நாளில் தொல்லை இருந்தவர்களுக்குச் சுமார் 40 சதவீதமும், தூக்கம் வரவழைக்கும் மருந்து எடுத்தவர்களுக்குச் சுமார் 70 சதவீதமும் கூடியிருந்தது. லோரட்டடின், ஃபெக்சோஃபெனடின் போன்ற புதிய வகை ஒவ்வாமை மருந்துகள் அவ்வளவாகத் தூக்கம் தருவதில்லை. அளவை மருத்துவர் சொல்லட்டும். ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயின் முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம் என்பதால், மருத்துவர் அதை எழுதித் தந்திருந்தால் தேர்வுக்கு முந்தைய நாள் தேடாமல் முன்கூட்டியே தொடங்கி, நாள் தவறாமல் அடியுங்கள். ஸ்டீராய்டு என்ற பெயருக்கே மிரள்பவர்கள், மூக்கடைப்புச் சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விடத் தயங்குவதில்லை. அதுதான் சில நாள்களுக்கு மேல் போனால் அடைப்பை இன்னும் கூட்டிவிடும்.

கேள்வி: பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டைத் திருவிழாவுக்குத் திறந்தாலே மகளுக்கு மூக்கு ஒழுகுகிறது. என்ன செய்யலாம்? (கானாடுகாத்தான் வாசகி)

பதில்: இரண்டு நாள் முன்னதாகவே, பிள்ளை இல்லாத நேரத்தில் திறந்து சுத்தம் செய்யுங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை இதற்கு ஒரு வரம். பெருக்கித் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்தாலே போதும். வில்லங்கம் பழைய இலவம்பஞ்சு மெத்தையில்தான், ஏனெனில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் அதில் குடியிருக்கும். மகளுக்குப் புதுப்பாயும், 60 டிகிரி வெந்நீரில் அலசிய விரிப்பும் போடுங்கள். அவள் படுக்கும் அறையில் சாம்பிராணிப் புகை வேண்டாம், ஆயா (பாட்டி) கோபித்துக்கொண்டாலும்.

கேள்வி: தயிரையும் வாழைப்பழத்தையும் நிறுத்த வேண்டுமா? (பள்ளத்தூர் வாசகர்)

பதில்: வேண்டாம். வெறும் தும்மலுக்கும் மூக்கடைப்புக்கும் உணவு காரணமாவது அரிது.