மறுஉற்பத்தி செய்த படகு என்ஜின்: எங்கிருந்து வந்தது என்பதை எப்படி உறுதி செய்வது?

கேள்வி: எங்கள் படகின் பழைய டீசல் என்ஜினுக்குப் பதிலாக மறுஉற்பத்தி செய்யப்பட்ட என்ஜின் ஒன்றை வாங்க விலை பேசியிருக்கிறோம். அது தயாரிப்பு நிறுவனத்தின் சொந்தத் தொழிற்சாலையிலேயே மறுஉற்பத்தி செய்யப்பட்டது என்று விற்பவர் சொல்கிறார். புது பெயின்ட், தகடு, வரிசை எண் எல்லாம் இருக்கின்றன. அந்த எண்ணை இணையத்தில் தேடினால் மாடலும் சரியாகவே வருகிறது. இது போதுமா? முன்பணம் கொடுப்பதற்கு முன் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: போதாது. அந்த எண்ணுடன் ஓர் என்ஜின் என்றோ ஒரு நாள் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது என்பது மட்டுமே இதுவரை உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பின்னாளில் அதைப் பிரித்துக் கோத்தவர் யார், என்ன அளவுகளில் கோத்தார், எந்தப் பாகங்களைப் போட்டார் என்பதைப் பற்றி வரிசை எண் எதுவும் சொல்லாது. சாதாரணப் பழைய என்ஜினைவிட நீங்கள் கூடுதலாகக் கொடுக்கப்போகும் பணமோ இந்த வேலைக்காகத்தான். எனவே பிளாக் (சிலிண்டர்கள் அமைந்திருக்கும் என்ஜினின் முதன்மை உடல்) எங்கிருந்து வந்தது, வேலை எங்கே நடந்தது என்ற இரண்டையும் தனித்தனியாக விசாரித்து, இரண்டு விவரங்களும் உங்கள் முன்னால் நிற்கும் இந்த ஒரே என்ஜினில் வந்து பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

முதலில் விற்பவர் எதை விற்கிறார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். 2009-இல் வெளியான பிஎஸ் 8887-2 என்ற பிரிட்டிஷ் தரநிலையின்படி, மறுஉற்பத்தி என்பது பயன்படுத்திய பொருளைக் குறைந்தபட்சம் அதன் மூலச் செயல்திறனுக்காவது கொண்டுவந்து, புதியதற்குக் கொடுப்பதற்கு இணையான அல்லது அதைவிட மேலான உத்தரவாதத்துடன் தருவதாகும். ரிங், பேரிங், கேஸ்கெட் மாற்றிப் பெயின்ட் அடித்த என்ஜின் இந்த வரையறைக்குள் வராது. உத்தரவாதத்தை யார் தருகிறார், அது எந்த வரிசை எண்ணின் பேரில் பதிவாகிறது, கடல் பயன்பாட்டுக்கும் அது செல்லுமா என்ற மூன்றையும் கேளுங்கள். இவற்றுக்கு நேரான பதில் வராத இடத்தில் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை என்பது என் கருத்து.

தயாரிப்பாளரே நடத்தும் மறுஉற்பத்தியில் ஒரு நடைமுறை உண்டு. அது தெரியாவிட்டால் நேர்மையான என்ஜினையும் சந்தேகிக்க நேரும். கேட்டர்பில்லர், கம்மின்ஸ் போன்ற நிறுவனங்கள் பழைய என்ஜின்களைத் திரும்ப வாங்கி, முழுவதுமாகப் பிரித்து, கழுவிச் சோதித்து, தேறிய பாகங்களை வகைவாரியாகச் சேர்த்துவைத்து அவற்றிலிருந்து என்ஜின்களைக் கோக்கின்றன. ஆகவே ஓர் என்ஜினின் பிளாக் ஒன்றிலிருந்தும், கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) மற்றொன்றிலிருந்தும் வந்திருக்கலாம். ‘இது முன்பு யாருடைய என்ஜின்?’ என்ற கேள்விக்கு அங்கே ஒற்றைப் பதில் கிடைக்காது என்பதால் அது மோசடி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆனால் அப்படி வெளிவரும் என்ஜினுக்கு நிறுவனம் தன் பதிவேட்டில் ஓர் அடையாளம் வைத்திருக்கும். அதை விற்பவரிடம் அல்லாமல் அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் கேட்க வேண்டும்.

டீலரிடம் போகும் முன் எண்ணை நீங்களே பிளாக்கிலிருந்து படித்து, படமும் எடுத்துக்கொள்ளுங்கள்; விற்பவர் அனுப்பிய எண்ணை நம்பிப் போக வேண்டாம். தகடு கழற்றி மாட்டக்கூடியது, பிளாக்கில் உள்ள பொறிப்பு அப்படியல்ல. ஆகவே இரண்டையும் ஒப்பிட்ட பிறகே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்டர்பில்லரில் எண்ணின் தொடக்கத்தில் வரும் முன்னொட்டு எந்த வகை என்ஜின் என்று காட்டும். பெர்க்கின்ஸ் எண்ணில் குடும்பக் குறி, கட்டமைப்புப் பட்டியல் எண், தயாரான நாட்டின் எழுத்து, தொடர் எண், ஆண்டைக் குறிக்கும் எழுத்து என்று வரிசையாக அமைந்திருக்கும். கம்மின்ஸ் தகட்டில் வரிசை எண்ணுடன் சிபிஎல் என்ற பாகக் கட்டுப்பாட்டுப் பட்டியல் எண்ணும் இருக்கும். இவற்றைக் கொண்டு டீலர் சொல்லக்கூடியவற்றில் உங்களுக்கு மிகவும் பயன்படுவது, அந்த என்ஜின் முதன்முதலில் எந்தப் பயன்பாட்டுக்காக வெளியே அனுப்பப்பட்டது என்ற தகவல்தான். லாரிக்கோ ஜெனரேட்டருக்கோ போன என்ஜின் இப்போது படகு என்ஜினாக நிற்கிறது என்று தெரியவந்தால் உடனே ஒதுக்கிவிட வேண்டாம். படகு டீசல்கள் பலவற்றின் மூல வடிவமே லாரி என்ஜின்தான். ஆனால் பிஸ்டன், கேம் ஷாஃப்ட், டர்போ, இன்ஜெக்ஷன் பம்பின் அமைப்பு ஆகியவை கடல் வகைக்கு மாற்றப்பட்டனவா, அல்லது வெளியே ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் (கூலன்ட்டின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் கருவி) நீரால் குளிரும் மேனிஃபோல்டையும் (புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) மாட்டியதோடு வேலை முடிந்துவிட்டதா என்பதற்குப் பாக எண்களுடன் கூடிய பதிலை வாங்குங்கள். படகு என்ஜின் மணிக்கணக்கில் இடைவிடாமல் அதிகச் சுமையை இழுப்பது. லாரி என்ஜினுக்கு இறக்கத்திலாவது சற்று ஓய்வு கிடைக்கும்.

மின்னணுக் கட்டுப்பாடு உள்ள என்ஜின் என்றால் அதன் கணினிப் பெட்டியிலும் வரிசை எண்ணும் ஓடிய மணி நேரமும் பதிவாகியிருக்கும். டீலர் தன் கருவியைச் செருகிப் படித்துச் சொல்வார். பிளாக்கின் எண்ணும் பெட்டியின் எண்ணும் வேறுபட்டால், பெட்டி மாற்றப்பட்டதற்கான காகிதம் இருக்க வேண்டும்.

அடுத்தது, வேலை நடந்த இடத்தின் ஆவணங்கள். பெரும்பாலான ஏமாற்று இங்கேதான் நடக்கிறது என்பதாலும், வாங்குபவர்கள் அதிகம் பார்க்காமல் விடுவதும் இதைத்தான் என்பதாலும் சற்று விரிவாகச் சொல்கிறேன். மறுஉற்பத்தி செய்த பட்டறையிடம் அளவுப் பதிவுத் தாள், கிராங்க் ஷாஃப்ட்டையும் ஹெட்டையும் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம்) விரிசலுக்காகச் சோதித்த பதிவு, புதிய பாகங்களின் பில்கள், டைனமோமீட்டரில் (என்ஜினுக்குச் சுமை கொடுத்துத் திறனை அளக்கும் கருவி) ஓட்டிய சோதனைத் தாள் ஆகியவை இருக்க வேண்டும். அவை எல்லாவற்றிலும் அதே வரிசை எண்ணோ, அதனுடன் இணைக்கப்பட்ட வேலை எண்ணோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஒரு தாளை மற்றொன்றுடன் வைத்துப் படியுங்கள். கிராங்க் ஷாஃப்ட்டை 0.25 மில்லிமீட்டர் கிரைண்டிங் செய்ததாக அளவுத் தாள் சொன்னால், பேரிங் பில்லும் 0.25 அண்டர்சைஸ் (அந்த அளவு மெலிந்த தண்டுக்கு ஏற்றது) என்றே சொல்ல வேண்டும். ஸ்டாண்டர்டு அளவு பேரிங் வாங்கியதாக பில் இருந்தால், இரண்டில் ஒன்று வேறு என்ஜினுடையது. சிலிண்டரை 0.50 மில்லிமீட்டர் போரிங் செய்து அகலப்படுத்தியிருந்தால் பிஸ்டனும் அதே ஓவர்சைஸில் (கூடுதல் அளவில்) இருக்க வேண்டும். பல பிஸ்டன்களின் தலையிலேயே அந்த அளவு பொறிக்கப்பட்டிருக்கும். இன்ஜெக்டரைக் கழற்றிய துளை வழியாக போரோஸ்கோப் கேமராவை விட்டால் அந்தப் பொறிப்பும், சிலிண்டர் சுவரில் ஹோனிங் செய்த (சாணைக்கல்லால் தேய்த்த) குறுக்குக் கோடுகளும் தெரியும். பார்க்க அனுமதிக்க மறுப்பவரின் காகிதங்களை நான் நம்ப மாட்டேன்.

சோதனைத் தாளில் உள்ள குதிரைத் திறனும் ஆயில் பிரஷரும் விளம்பரப் புத்தகத்தில் உள்ள எண்களோடு புள்ளி பிசகாமல் ஒத்துப்போனால் எச்சரிக்கையாக இருங்கள். உண்மையில் ஓட்டிப் பார்த்த தாளில் அன்றைய காற்றின் வெப்பநிலை, கூலன்ட் வெப்பம், வெவ்வேறு வேகங்களில் ஆயில் பிரஷர் என்று சற்று ஏறியிறங்கிய எண்கள் இருக்கும். அந்தப் பட்டறையுடன் பேசும்போதும், பில்லில் அச்சிட்ட தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு நீங்களாகத் தேடிக் கண்டுபிடித்த எண்ணில் பேசி, இந்த வேலை எண் உங்களுடையதுதானா என்று கேளுங்கள்.

கண்ணால் பார்க்கக்கூடியவையும் சில உண்டு. தகட்டைத் தொழிற்சாலை ரிவெட்டுக்குப் பதிலாக ஸ்குரூ வைத்து மாட்டியிருப்பது, எண் உள்ள இடத்தில் மட்டும் பெயின்ட் தடித்திருப்பது, அங்கே கிரைண்டர் தேய்த்த தடம் தெரிவது, பொறித்த இலக்கங்கள் மேலும் கீழுமாக நிற்பது ஆகியவை கேள்வி கேட்க வேண்டிய அடையாளங்கள். பட்டறைகள் பல, பிளாக்கிலும் ஹெட்டிலும் சிறிய வட்ட வெப்பக் காட்டிகளை ஒட்டுகின்றன. சுமார் 125 டிகிரி செல்சியஸை எட்டும்போது அதன் நடுப்பகுதி உருகிவிடும். என்ஜின் அதிகச் சூடேறியதற்கு அத்தாட்சியாக, உத்தரவாதத் தகராறுக்காக ஒட்டப்படுவது அது. ‘ஓட்டவே இல்லை’ என்று விற்கப்படும் என்ஜினில் அதன் நடுப்பகுதி உருகிப் போயிருந்தால் காரணத்தை விற்பவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: நான் பார்த்திருப்பது 5.7 லிட்டர் வி8 பெட்ரோல் இன்போர்டு (படகின் உள்ளே பொருத்தும்) என்ஜின். முன்பக்கத்தில் எண் இருக்க வேண்டிய இடம் வழவழப்பாக, எதுவும் இல்லாமல் இருக்கிறது. பிளாக்கின் மேல்தளத்தைச் சமன்படுத்தியபோது எண் போய்விட்டது என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நடக்கக்கூடியதுதான். ஜெனரல் மோட்டார்ஸ் ஸ்மால் பிளாக் என்ஜின்களில் அந்த எண் வலப்பக்க ஹெட்டுக்கு முன்னால், ஹெட் உட்காரும் தளத்தின் நீட்சியில்தான் பொறிக்கப்படுகிறது. மறுஉற்பத்தியில் அந்தத் தளத்தை மெஷினில் சீவும்போது எண்ணும் சேர்ந்தே போய்விடும். முறையான பட்டறை அதற்கு முன் எண்ணைக் குறித்துவைத்து, வேலைத் தாளில் அதை எழுதியிருக்கும். அந்தத் தாளைக் கேளுங்கள்.

அழியாத அடையாளங்கள் பின்பக்கத்தில் இருக்கின்றன. பெல் ஹவுசிங் (கியர் பெட்டியை என்ஜினுடன் இணைக்கும் உறை) பொருந்தும் விளிம்பின் அருகே வார்ப்பு எண்ணும், தனியே வார்ப்புத் தேதியும் எழும்பி நிற்கும். தேதியில் முதலில் வரும் எழுத்து மாதத்தைக் குறிக்கும்: ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். அடுத்து நாளும், கடைசியில் ஆண்டும் வரும். பல பிளாக்குகளில் ஆண்டின் கடைசி இலக்கம் மட்டுமே இருப்பதால் 5 என்பது 1985-ஆகவும் இருக்கலாம், 1995-ஆகவும் இருக்கலாம். 1986 மாடல் முதல் பின்புற மெயின் ஆயில் சீல் இரு துண்டிலிருந்து ஒற்றைத் துண்டாக மாறியது என்பதை வைத்து அதைப் பிரித்தறியலாம். விற்பவர் சொல்லும் ஆண்டுக்குப் பின்னால் வார்க்கப்பட்ட பிளாக் அந்த ஆண்டு என்ஜினாக இருக்க முடியாது.

பிளாக் காரிலிருந்து வந்ததா என்ற கேள்வியைவிட, கோத்தபோது படகுக்குரிய பாகங்கள் போடப்பட்டனவா என்பதே உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவை எஸ்ஏஇ ஜே1171 தரநிலைப்படி தீப்பொறி வெளியே வந்து ஆவியைப் பற்றவைக்காத வகையாக இருக்க வேண்டும். காருக்கான பாகங்கள் அப்படிச் செய்யப்படுவதில்லை. என்ஜின் அறையில் பெட்ரோல் ஆவி தேங்கும் படகில் அவை வெடிப்புக்குக் காரணமாகலாம். கோர் பிளக்குகளும் (பிளாக்கின் நீர்வழித் துளைகளை அடைக்கும் வட்ட மூடிகள்) எஃகுக்குப் பதில் பித்தளையாக இருக்க வேண்டும். பழைய படகு என்ஜினின் பிளாக்தான் என்றால், அது கடல்நீரை நேரடியாக உள்ளே விட்டுக் குளிர்விக்கப்பட்டதா என்று கேளுங்கள். அப்படியானால் நீர்ச்சுவரின் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் அளந்த பதிவு இல்லாமல் வாங்க வேண்டாம்.

கேள்வி: மறுஉற்பத்தி செய்த அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும்) என்ஜினில், படகில் மாட்டும் பிராக்கெட்டில் உள்ள எண் தகடு காணவில்லை. விலை குறைவாகக் கேட்கிறார்கள்.

பதில்: மெர்குரி, ஜான்சன், எவின்ரூட் என்ஜின்கள் பலவற்றில் அதே எண் பவர்ஹெட்டில் (மேல் மூடிக்குள் உள்ள என்ஜின் பகுதி) உள்ள வட்ட வெல்ச் பிளக்கிலும் (துளையை அடைக்கும் உலோக வில்லை) பொறிக்கப்பட்டிருக்கும். மூடியைத் திறந்து அங்கே பாருங்கள். எண் கிடைத்தால் டீலரிடமும் காவல்துறையிடமும் திருட்டுப் புகார் இருக்கிறதா என்று விசாரித்த பிறகு பேசுங்கள். இரண்டு இடத்திலும் எண் இல்லையென்றால், எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: எங்களுடையது வணிகக் கலம். மறுஉற்பத்தி என்ஜின் போட்டால் சான்றிதழ் சிக்கல் வருமா?

பதில்: கப்பல்களால் ஏற்படும் மாசைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மார்ப்போலின் ஆறாம் இணைப்பு, 130 கிலோவாட்டுக்கு மேற்பட்ட டீசல் என்ஜின்களின் நைட்ரஜன் ஆக்சைடு வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்துகிறது. 2000 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ கட்டப்பட்ட கலங்களின் என்ஜின்களும், அந்நாள் முதல் பெரிய மாற்றம் செய்யப்பட்ட என்ஜின்களும் இதில் அடங்கும். பழைய என்ஜினுக்கு முற்றிலும் ஒத்த என்ஜினை மாற்றினால் அது பெரிய மாற்றமாகக் கருதப்படாது. ஒத்ததல்லாத என்ஜினைப் பொருத்தினால், மாற்றும் காலத்தில் நடப்பிலுள்ள விதிகளின் வரம்புக்குள் அது வர வேண்டும். சான்றிதழ் பெற்ற என்ஜினுடன் ஒரு தொழில்நுட்பக் கோப்பு வரும். நாசில், இன்ஜெக்ஷன் பம்ப், பிஸ்டன், டர்போ முதலிய பாகங்களில் இருக்க வேண்டிய அடையாளக் குறிகள் அதில் பட்டியலிடப்பட்டிருக்கும். மறுஉற்பத்தியில் அந்தக் குறி இல்லாத பாகம் போடப்பட்டிருந்தால், நன்றாக ஓடும் என்ஜினும் ஆய்வில் நின்றுவிடும். உள்நாட்டு நீரில் மட்டும் ஓடும் கலங்களுக்குக் கொடி நாட்டின் (கலம் பதிவு செய்யப்பட்ட நாட்டின்) விதிகள் வேறுபடலாம் என்பதால், என்ஜினை இறக்கிப் பொருத்திய பிறகு ஆய்வாளரை அழைக்காமல், விலை பேசும்போதே வரிசை எண்ணையும் கோப்பையும் அவருக்கு அனுப்பி எழுத்தில் கருத்து வாங்கிவிடுங்கள்.