பை-ஆம்ப்: முதலில் அந்தத் தகடுகளைக் கழற்றுங்கள்
ஸ்பீக்கரின் வூஃபருக்கும் (தாழ்ந்த ஒலி) ட்வீட்டருக்கும் (உயர்ந்த ஒலி) தனித்தனி ஆம்ப் தரும் பை-ஆம்ப் அமைப்பில், ஆக்டிவ் கிராஸ்ஓவரை (ஆம்புக்கு முன்பே ஒலியைத் தாழ்ந்தது, உயர்ந்தது எனப் பிரிக்கும் கருவி) எங்கே செருகுவது, ஸ்பீக்கருக்குப் பின்னால் இரண்டு ஜோடி முனைகளை இணைக்கும் பித்தளைத் தகடுகளை அப்படியே விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தகடுகளைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். அவை இருந்தால் இரண்டு ஆம்ப்களின் அவுட்புட்டும் ஒன்றோடொன்று இணைந்து ஆம்பே எரிந்துபோகலாம்.

ப்ரீ அவுட்டிலிருந்து (பவர் ஆம்புக்குப் போகுமுன் சிக்னல் வெளிவரும் முனை) கிராஸ்ஓவர்; அதன் லோ அவுட் வூஃபர் ஆம்புக்கு, ஹை அவுட் ட்வீட்டர் ஆம்புக்கு. அவ்வளவுதான்.

ஆனால் ஸ்பீக்கர் பெட்டிக்குள் பழைய பாசிவ் கிராஸ்ஓவரும் (ஆம்புக்குப் பிறகு ஒலியைப் பிரிக்கும் சர்க்யூட்) இருந்தால் ஒலி இரண்டு முறை வடிகட்டப்படும். அதை நீக்கி, டிரைவர்களுக்கு (வூஃபர், ட்வீட்டர்) நேரே ஒயர் இழுத்தால்தான் முழுப் பலன். அப்படிச் செய்தால் 8 ஓம் ட்வீட்டருக்குத் தொடரில் 20 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் ஒன்றைப் போடுங்கள். அது இல்லாவிட்டால், ஆன் செய்யும்போது வரும் 'டப்' சத்தம் ஒன்றே ட்வீட்டரைக் காலி செய்துவிடலாம். அப்புறம், கிராஸ்ஓவரை முதலில் ஆன் செய்யுங்கள், ஆம்ப்களைக் கடைசியில்.