வாசகர் கேள்விகள்: இணைத்த சுவடு தெரியாத படம்

கேள்வி: முப்பது விநாடியே ஓடும் தொலைக்காட்சி விளம்பரத்துக்குக் கம்பாசிட்டிங் வேலை வாரக்கணக்கில் நடக்கிறதே! தனித்தனியாக எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதற்கு இவ்வளவு காலம் ஏன்?

பதில்: வைப்பதற்குச் சில நிமிடங்கள் போதும்; வைத்தது தெரியாமல் செய்வதற்குத்தான் காலம் பிடிக்கிறது. நடிகை பச்சைத் திரையின் முன் நடித்திருப்பார். பின்னணியில் வரும் மலைச்சரிவு வேறொரு நாளில், வேறொரு லென்ஸில் எடுக்கப்பட்டிருக்கும். அவர் கையிலுள்ள சோப்புப் பெட்டி கணினியில் உருவானதாக இருக்கும். இந்த மூன்றும் ஒரே வெயிலில், ஒரே கேமராவின் முன் இருந்தவை என்று பார்ப்பவரின் கண் நம்ப வேண்டும். விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் முப்பது விநாடிக்கு 750 ஃப்ரேம்கள். அவற்றில் இரண்டே ஃப்ரேமில் ஓரம் துடித்தாலும் நம்பிக்கை கலைந்துவிடும். திரைப்படத்தின் ஒரு ஷாட்டை ரசிகர் ஓரிரு முறைதான் பார்க்கிறார். விளம்பரத்தையோ ஒரே மாலையில் பலமுறை பார்க்க நேர்கிறது. முதல்முறை தப்பிய பிழை பத்தாம் முறை உறுத்தும். ஆகவே, விளம்பர வேலையைச் சிறிய வேலை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை.

கேள்வி: பச்சைத் திரையின் முன் எடுத்த தலைமுடியின் ஓரத்தில் பச்சை தங்கிவிடுகிறது. அதை நீக்க, திரையின் நிறத்தைக் கொண்டு பின்னணியைக் கத்தரிக்கும் கீயர் கருவியை அழுத்தினால் மெல்லிய இழைகளே காணாமல் போகின்றன. என்ன செய்வது?

பதில்: இந்த வேலையின் மிகக் கடினமான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். கத்தரிப்பது ஒரு வேலை, பச்சையை நீக்குவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே கீயரிடம் ஒப்படைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. உடலின் உட்பகுதிக்குக் கடினமான ஒரு மேட் (எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று காட்டும் கறுப்பு வெள்ளைப் படம்), தோள் ஓரத்துக்கு நடுத்தரமான ஒன்று, முடிக்கு மட்டும் மிக மென்மையான மற்றொன்று என்று தனித்தனியாக எடுத்து, கையால் வரைந்த ரோட்டோ வடிவங்களால் எல்லை பிரித்து, பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே மேட் எல்லா இடத்துக்கும் பொருந்தியதை என் அனுபவத்தில் நான் கண்டதில்லை.

திரையிலிருந்து தெறித்துப் படியும் பச்சைக் கசிவை, அசல் பிளேட்டின்மேல், அதாவது கேமராவில் எடுத்த படத்தின்மேல், தனியாக நீக்குங்கள். பச்சையின் அளவு, சிவப்பு நீலம் இரண்டின் சராசரியைத் தாண்டும் இடங்களில் மட்டும் அதை அந்தச் சராசரிக்கு இறக்குவது எளிய, நம்பகமான வழி. 1950களின் இறுதியில் பெட்ரோ விளாகோஸ் நீலத் திரைக்காக வகுத்த நிற வேறுபாட்டு முறையும், ஒரு நிறம் மற்றவற்றை எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளப்பதையே அடிப்படையாகக் கொண்டது. பச்சையை இறக்கியதும் அந்த இடம் கருத்துப்போகும். இழந்த வெளிச்சத்தைப் பின்னணியின் நிறத்தில் திருப்பிச் சேர்த்தால், முடியின் ஊடே பின்னணி ஒளிர்வதுபோல் தோன்றும். உண்மையான வெளிச்சத்தில் முடி அப்படித்தான் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் இழைகள் வரவில்லையென்றால் குறை பெரும்பாலும் படப்பிடிப்பில்தான் இருக்கும். நிறத் தகவலைச் சுருக்கும் 4:2:0 முறையில் பதிவான படத்தில் நான்கு பிக்சல்களுக்கு ஒரே நிறத் தகவல்தான் உண்டு. ஒரு பிக்சல் அகல முடிக்குச் சொந்த நிறமே இருக்காது. ஆகவே ரா (கேமராவின் மூலத் தரவு) அல்லது ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறத் தகவல் உள்ள 4:4:4 பதிவைக் கேட்டு வாங்குங்கள். திரையிலிருந்து நடிகரை இயன்றவரை தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். சட்டகத்துக்கு வெளியே பச்சை தேவையில்லை, அதைக் கறுப்புத் துணியால் மூடினாலே கசிவு பெரிதும் குறையும். இதற்காகவே கம்பாசிட்டர் படப்பிடிப்புத் தளத்தில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தயாரிப்பாளரிடமும் மன்றாடி வருகிறேன்.

கேள்வி: கணினியில் உருவாக்கிய பாட்டிலின் நிறத்தைத் திருத்தியதும் ஓரத்தில் மெல்லிய கோடு தோன்றுகிறது. ஏன்?

பதில்: அந்தப் படத்தின் நிறம் ஏற்கெனவே ஆல்ஃபாவால், அதாவது ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு மறைக்கிறது என்று 0 முதல் 1 வரை சொல்லும் எண்ணால், பெருக்கப்பட்டிருக்கும். ஆல்ஃபா 0.5 உள்ள ஓரப் பிக்சலில் நிறமும் பாதியாகவே சேமிக்கப்பட்டிருப்பதால், திருத்தம் அதை இருண்ட நிறமாக எண்ணிப் பிழையாக மாற்றிவிடுகிறது. முதலில் ஆல்ஃபாவால் வகுத்து, திருத்தி, மறுபடியும் பெருக்குங்கள். 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தக் கணக்கைத் தெளிவாக விளக்குகிறது.

கேள்வி: ஓரம் சுத்தமாக இருக்கிறது, நிறமும் பொருந்துகிறது, ஆனாலும் ஒட்டவைத்ததுபோலவே தெரிகிறது.

பதில்: முதலில் கறுப்பைப் பாருங்கள். லென்ஸுக்குள் சிதறும் ஒளியாலும் இடையிலுள்ள காற்றாலும் பிளேட்டின் ஆழ்ந்த நிழல்கூட முழுக் கறுப்பாக இருப்பதில்லை. தொலைவு கூடக்கூட அது இன்னும் வெளிறும். கணினித் திரையின் காமாவை (இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்கிக் காட்டும் அமைப்பை) தற்காலிகமாக மிக உயர்த்தினால், புதிதாக வைத்த பொருள் ஒரு கரிய ஓட்டைபோல் தனித்து நிற்பதைக் காண்பீர்கள். அடுத்து சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்த்து ஒப்பிடுங்கள். கிரெய்ன் என்னும் பொடிப்புள்ளிகள் பெரும்பாலும் நீலத்தில்தான் கூடுதலாக இருக்கும், கணினிப் படத்திலோ அது இருக்கவே இருக்காது. பிறகு அசைவின் மங்கல்: 25 ஃப்ரேமில் 180 டிகிரி ஷட்டருடன் (ஃப்ரேம் நேரத்தில் பாதி மட்டும் திறந்திருப்பது) எடுத்த படத்தில் ஒவ்வொரு ஃப்ரேமும் விநாடியில் 50இல் ஒரு பங்கு நேரம் ஒளி பெறுகிறது, உங்கள் பாட்டிலும் அதே அளவுதான் மங்க வேண்டும். ஒளியின் திசையே மாறியிருந்தால் இவை எதுவும் காப்பாற்றாது. அந்தப் பொருளைச் சரியான ஒளியில் கணினியில் மறுபடி உருவாக்க (ரெண்டர் செய்ய) சொல்வதே நேர்மையான வழி.

கேள்வி: எல்லாம் முடிந்த பிறகு பாட்டிலின் லேபிளை மாற்றச் சொல்கிறார்கள். மறுபடி முதலிலிருந்தா?

பதில்: தேவையில்லை, ஆனால் அந்த மாற்றம் வரும் என்று எண்ணியே தொடக்கத்தில் அடுக்குகளைக் கட்டியிருக்க வேண்டும். லேபிள் இல்லாத சுத்தமான பாட்டில் ஓர் அடுக்கு, பாட்டிலின் அசைவைப் பின்தொடரும் டிராக்கிங்குடன் இணைந்த லேபிள் ஓர் அடுக்கு, அதன்மேல் விழும் பளபளப்பும் விரலின் நிழலும் வேறு அடுக்குகள் என்று பிரித்து வைத்திருந்தால், புதிய லேபிளை அந்த இடத்தில் பொருத்தியதும் மற்றவை தாமாகவே அதன்மேல் அமர்ந்துகொள்ளும். லேபிளையும் பளபளப்பையும் ஒரே படமாக்கிச் சேமித்துவிட்டு, பழைய அடுக்குகளை மட்டும் ஒருபோதும் அழித்துவிடாதீர்கள்.