அடி அடுக்கு ஏன் கூழாகிறது?

கேள்வி: சவர்டோ ஸ்டார்ட்டருக்கு, அதாவது ரொட்டிக்காகப் புளிக்கவைத்து வளர்க்கும் மாவுக் கலவைக்கு, புது மாவு சேர்க்கும்போது எடுத்துவிடும் மிச்ச மாவை வீணாக்க மனசில்லாமல் மெல்லிய பேன்கேக்காகச் சுட்டேன். நடுவே காளான், கீரை, ஒயிட் சாஸ் வைத்து ஒரு பாத்திரத்தில் அடுக்கி கேசரோலாக ஓவனில் பேக் செய்தேன். மேலே நன்றாகச் சிவந்திருந்தது. வெட்டினால் அடி அடுக்கெல்லாம் கூழ், புளிப்பும் தூக்கல். எங்கே தப்பு?

பதில்: பேன்கேக் மீது பழி போடாதீர்கள். எல்லாம் தண்ணீர் செய்த வேலை. இதேபோல அடுக்கிச் சுடும் இத்தாலிய உணவான லசான்யாவின் காய்ந்த பாஸ்தா, சாஸிலுள்ள நீரைக் குடித்துத்தான் வேகும். பேன்கேக்கோ ஏற்கெனவே வெந்தது. அதனால் காளானும் கீரையும் விடுகிற நீர் அடியில் தேங்கி அதை ஊறவைத்துவிடும்.

காளானை அகலமான வாணலியில் மூடாமல் வதக்குங்கள். முதலில் தன் நீரிலேயே சலசலவென்று கொதிக்கும். பலரும் அங்கேயே இறக்கிவிடுகிறார்கள். பொறுங்கள். நீர் வற்றியதும் சத்தம் மாறும், பொரிகிற ஓசை கேட்கும், ஓரங்கள் சிவக்கும். அதுதான் பதம். கீரையை வதக்கி ஆறவிட்டு, துணியில் முடிந்து முறுக்கிப் பிழியுங்கள். பிழிந்தபின் ஒரு கட்டுக் கீரை கைப்பிடிக்குள் அடங்கிவிடும். சாஸும் கெட்டியாக இருக்கட்டும்: அரை லிட்டர் பாலுக்கு வெண்ணெய் 60 கிராம், மைதா 60 கிராம். கரண்டியின் பின்புறம் விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்க வேண்டும்.

புளிப்புக்கு வருவோம். ஃபிரிட்ஜில் வெகுநாள் கிடந்த மாவு நாக்கைச் சுண்டத்தான் செய்யும். இதற்கு இரண்டு மூன்று நாள் மாவே எனக்குப் பிடித்தது. மேலே சாம்பல் நிற நீர் நின்றால் பயமில்லை, வடித்துவிடுங்கள். இளஞ்சிவப்போ ஆரஞ்சோ தெரிந்தால், பூஞ்சை கண்டால், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். மாவும் நீரும் சம எடையில் கலந்த 200 கிராம் மிச்ச மாவுக்கு 2 முட்டை, 80 மி.லி. பால், ஒரு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெய், கொஞ்சம் உப்பு. சுடுவதற்குச் சற்று முன் ஒரே ஒரு சிட்டிகை சோடா உப்பு சேர்த்தால் புளிப்பு தணியும். கூடினால் சோப்பு வாடை வரும். சுட்டவற்றைச் சூட்டோடு ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், ஆவியிலேயே நனைந்துபோகும்.

நிரப்பில் தக்காளி வேண்டாம் என்பேன். புளிப்போடு புளிப்பு சேரும். பாலும் சீஸும்தான் இதற்குப் பொருத்தம். 180 டிகிரி செல்சியஸில் ஃபாயிலால் மூடி 20 நிமிடம், அப்புறம் திறந்து 15 நிமிடம். எடுத்ததும் கத்தி வைக்காமல் கால் மணி நேரம் விட்டால்தான் சாஸ் இறுகித் துண்டு சரியாமல் வரும்.

முந்தைய இரவே அடுக்கி ஃபிரிட்ஜிலும் வைக்கலாம். மூடி வேகவிடும் நேரத்தில் மட்டும் 10 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பாத்திரம் என்றால் சில்லிப்பு போகும்வரை வெளியே வைத்திருந்துவிட்டு ஓவனில் வையுங்கள். இல்லாவிட்டால் விரிசல் விடலாம்.