செயலி சொல்லும் வௌவால் சிங்கப்பூரிலேயே இல்லையே!

வாசகர் கேள்வி: ஈசூனில் வசிக்கிறேன். பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்காகக் கைப்பேசியில் செருகும் வௌவால் ஒலிக்கருவி ஒன்று வாங்கினேன். வீட்டருகே பூங்கா இணைப்புப் பாதையில் மாலையில் பதிவு செய்தால், செயலி 'நாத்தூசியஸ் பிப்பிஸ்ட்ரெல்' என்று பெயர் காட்டுகிறது. தேடிப் பார்த்தால் அது ஐரோப்பிய வௌவால்! இன்னொரு நாள் புளோக் பக்கத்து ஜம்பு மரத்தில் பத்துப் பன்னிரண்டு வௌவால்கள் கண்ணெதிரே பறந்தன. கருவி வாயே திறக்கவில்லை. கருவி பழுதா? ஒலியை வைத்து இனத்தைச் சொல்ல எங்கிருந்து கற்றுக்கொள்வது? மூன்று பதிவுகளை இணைத்திருக்கிறேன்.

பதில்:

கருவி நன்றாகத்தான் இருக்கிறது. சந்தேகம் வரும்போதெல்லாம் சாவிக்கொத்தை அதன் முன்னால் குலுக்கிப் பாருங்கள். உலோகம் உரசும்போது நம் காதுக்கு எட்டாத மீயொலியும் கிளம்பும். திரையில் கோடுகள் சடசடவென்று கொட்டினால் மைக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜம்பு மரத்துக்கு வந்தவை பழந்தின்னிகள். சிங்கப்பூரில் பெரும்பாலும் நாய்முக வௌவால்கள்தான் இப்படி வீட்டுப் பக்கம் வரும். அவை கண்ணையும் மூக்கையும் நம்பிப் பழம் தேடுபவை. பூச்சி பிடிக்கும் வௌவால்களைப் போலத் தொண்டையிலிருந்து மீயொலி எழுப்பி எதிரொலி கேட்பதில்லை. சிறகால் மெல்லிய 'டிக்' சத்தம் எழுப்புகின்றன என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது, ஆனால் அது உங்கள் கருவியில் எளிதில் விழும் அளவுக்குப் பலமானதல்ல. மேம்பாலங்களின் அடியில் பகலில் தொங்கும் தேன் வௌவாலும் இதே கூட்டம். டுரியான் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்பதால், டுரியான் பிரியர்கள் அதைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பது நல்லது. ஆக, கருவி மௌனமாக இருந்தால் வௌவால் இல்லை என்று அர்த்தம் இல்லை.

சரி, ஐரோப்பிய வௌவால் எப்படி ஈசூனுக்கு வந்தது? செயலிக்குத் தெரிந்த பட்டியல் ஒன்று இருக்கும். பதிவான ஒலி அந்தப் பட்டியலில் யாருடன் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறதோ அவரைக் கைகாட்டிவிடும். 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல அதற்குப் பெரும்பாலும் கூச்சம். இப்படிப்பட்ட செயலிகளில் பல ஐரோப்பிய, வட அமெரிக்கப் பதிவுகளைக் கொண்டு பழக்கப்பட்டவை. நாத்தூசியஸின் ஒலி உயரத்திலிருந்து சரிந்து 40 கிலோஹெர்ட்ஸை (நொடிக்கு 40,000 அதிர்வு) ஒட்டி முடியும். நம் ஊர்க் கட்டடங்களின் கூரையிடுக்கில் குடியிருக்கும் சின்ன மஞ்சள் வீட்டு வௌவாலின் ஒலியும் ஏறக்குறைய அங்கேதான் முடியும். எண் ஒன்றுபோல இருக்கவே, பெயர் மாறிவிட்டது. தானாகப் பெயர் சொல்லும் வசதியை இன்றே அணைத்துவிடுங்கள். அது திரையில் இருக்கும்வரை நம் கண் பெயரைத்தான் பார்க்கும், ஒலியைப் பார்க்காது.

பார்க்க வேண்டியது ஸ்பெக்ட்ரோகிராம் படம். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண். தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எழுத்துகளை வைத்துத்தான் ஆரம்பிப்பேன்.

திறந்தவெளி ஓரங்களில், விளக்குக் கம்பங்களைச் சுற்றிப் பறக்கும் பல வௌவால்களின் ஒலி 'ட' மாதிரி இருக்கும். மேலிருந்து செங்குத்தாக இறங்கி, அடியில் கிடையாக ஓடும். அந்தக் கிடைக்கோடு எந்த அதிர்வெண்ணில் நிற்கிறது என்பதுதான் முக்கியமான அளவு. மஞ்சள் வீட்டு வௌவாலும் பிப்பிஸ்ட்ரெல் வகைகளும் இந்தக் குடும்பம்.

குதிரைலாட வௌவாலின் ஒலி தலைகீழான 'ப'. சட்டென்று ஏறி, ஒரே உயரத்தில் நீளமாக ஓடி, சட்டென்று இறங்கும். இங்கே ஆரம்பநிலைக்காரர் துணிந்து பெயர் சொல்லலாம், ஏனென்றால் ஒவ்வோர் இனமும் தனக்கென்று ஒரு சுருதி வைத்திருக்கிறது. மூக்கின் மேல் இலை மாதிரி மஞ்சள் தோல்மடிப்பு கொண்ட முவ்விதழ்க் குதிரைலாட வௌவால் 50 கிலோஹெர்ட்ஸ் பக்கம். பழைய பதுங்குகுழிகள், சுரங்கங்களில் தங்கும் பிளைத்தின் குதிரைலாட வௌவால் 100 பக்கம். இரண்டையும் குழப்பிக்கொள்ளவே முடியாது. சிக்கல் வேறு இடத்தில்: அதிர்வெண் கூடக்கூடக் காற்று ஒலியை வேகமாக விழுங்கிவிடும், நம் ஊர் ஈரப்பதத்தில் கேட்கவே வேண்டாம். 100 கிலோஹெர்ட்ஸ் ஒலி சில மீட்டர் தாண்டினாலே கரைந்துவிடும். அது உங்களை உரசிக்கொண்டு போனால்தான் பதிவாகும்.

செங்குத்தான ஒரே சாய்கோடு, அடியில் கிடையான வால் இல்லை என்றால் மயோட்டிஸ் என்ற வௌவால் வகையைச் சந்தேகிக்கலாம். விரியாத வாழையிலைக் குருத்துக்குள் பகலில் படுத்திருக்கும் மீசை வௌவால் இதில் சேர்ந்தது. ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் குட்டையான கிடைக்கோடுகள், அதில் ஒரு படி மட்டும் அழுத்தமாக 20க்கும் 30க்கும் நடுவில் இருந்தால் கல்லறை வௌவால். அது உயரத்தில், வேகமாகப் பறக்கும்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒரு தண்ணீரையும் ஊற்றிவிடுகிறேன். வௌவாலின் ஒலி பறவைப் பாட்டு மாதிரி இல்லை. பறவை தன் இனத்துக்குச் சேதி சொல்லப் பாடுகிறது, அதனால் பாட்டு மாறாமல் இருந்தாக வேண்டும். வௌவாலுக்கு ஒலி என்பது கைவிளக்கு. திறந்த வெளியில் சாவகாசமாக வீசும், கிளைகளுக்குள் நுழைந்தால் அவசரமாக வீசும். அதே வீட்டு வௌவால் வெளியில் நீண்ட வாலுடன் 'ட' போடும், மரத்தை நெருங்கியதும் வால் சுருங்கி வெறும் சாய்கோடாகிவிடும், கடைசி அதிர்வெண்ணும் ஏறும். பூச்சியைக் கவ்வப் போகும் நொடியில் கோடுகள் நெருங்கி நெருங்கி 'ஜ்ஜ்ர்ர்' என்று ஒரு ரீங்காரம் வரும். அழகான காட்சிதான், ஆனால் அந்தப் பகுதியை வைத்து இனம் சொல்லாதீர்கள். நிதானமாகத் தேடிப் பறக்கும்போது வந்த கோடுகளை மட்டும், அதுவும் ஒரே பறப்பில் குறைந்தது ஐந்தாறை அளந்து எழுதுங்கள்: எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது, எத்தனை மில்லிநொடி நீளம், அடுத்த கோட்டுக்கு எவ்வளவு இடைவெளி. அடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். பத்து மடங்கு மெதுவாக ஓட்டினால் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலி 4க்கு இறங்கி, காதாலும் கேட்கலாம்.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒலியை நொடிக்கு 2,56,000 முறை அளந்து பதியும் கருவியில் அதில் பாதி, அதாவது 128 கிலோஹெர்ட்ஸ் வரைதான் சரியாகப் பதிவாகும். மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் அது போதும். 130க்கு மேல் கத்தும் சாம்பல்நிற இலைமூக்கு வௌவால் போன்றவற்றுக்கு 3,84,000 வேண்டும். இப்போதைக்கு அந்தச் செலவு தேவையில்லை.

எங்கே போவது? புக்கிட் தீமா, மெக்ரிட்சி காட்டுப் பாதைகள் மாலை 7 மணிக்கே மூடப்படும், நம் ஊரில் சூரியன் மறைவதும் அதே நேரம்தான். பிள்ளைகளோடு போவதென்றால் நள்ளிரவு வரை திறந்திருக்கும் பூமலை (தாவரவியல் பூங்கா) வசதி. உங்கள் இணைப்புப் பாதையும் மோசமில்லை. ஆனால் உண்மையில் கற்றுத்தருவது வேறொன்று: வௌவால் எந்தப் பொந்திலிருந்து, எந்தக் கூரையிலிருந்து புறப்படுகிறது என்று வெளிச்சம் இருக்கும்போதே கண்டுபிடித்து, அங்கே நின்று பதிவு செய்வது. உடல் அளவு, சிறகின் வடிவம், பறக்கும் உயரம் எல்லாம் கண்ணில் படும், ஒலியோடு முடிச்சுப் போடலாம். அப்படிப்பட்ட இருபது பதிவு, இருட்டில் எடுத்த இருநூறைவிட மேல். பார்க்க மட்டும் செய்யுங்கள். விளக்கடிப்பதும் பொந்தைக் குடைவதும் கூடாது. பிடிப்பதற்கு அனுமதி வேண்டும், அது ஆய்வாளர்களின் வேலை.

உங்கள் மூன்று பதிவுகளுக்கு வருவோம்.

இரண்டாவதில் வௌவாலே இல்லை. 40 கிலோஹெர்ட்ஸில் அசையாமல் ஓடும் அந்தக் கோடு அநேகமாக நடைபாதைக் கூரையில் உள்ள எல்இடி விளக்கு. வருத்தப்படாதீர்கள். நானும் ஒருமுறை இப்படி ஒரு கோட்டைக் குதிரைலாட வௌவால் என்று நம்பி, நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, மறுநாள் அதே விளக்கின் கீழ் நின்றபோது அசடு வழிந்தேன். குதிரைலாடத்தின் கோடு விட்டுவிட்டு வரும், இரு முனையிலும் வளைவு இருக்கும். விளக்கு மூச்சே விடாது. பச்சை வெட்டுக்கிளிகளும் இரவில் மீயொலியில் கச்சேரி செய்யும். அவற்றின் சத்தம் ஒரே இடத்திலிருந்து நிமிடக்கணக்கில் வரும், வௌவாலோ நெருங்கி வந்து விலகிப் போகும்.

மூன்றாவது ஏணிப்படி. அழுத்தமான படி 24இல் இருக்கிறது. கல்லறை வௌவால் குடும்பம் என்று எழுதிக்கொள்ளுங்கள், அதற்குமேல் பிரிக்க இந்த ஒரு பதிவு போதாது.

முதலாவதுதான் உங்கள் 'ஐரோப்பியர்'. தெளிவான 'ட', ஆறு கோடுகள், எல்லாமே 40க்கும் 42க்கும் நடுவில் முடிகின்றன. சின்ன மஞ்சள் வீட்டு வௌவாலாக இருக்க நல்ல வாய்ப்பு. என் குறிப்பேட்டில் 'இருக்கலாம்' என்றுதான் எழுதுவேன். நாளை மாலை ஏழு மணிக்கு உங்கள் புளோக்கின் கூரை விளிம்பையும் அருகிலுள்ள பனை வகை மரங்களின் தொங்கும் காய்ந்த ஓலைகளையும் பிள்ளைகளோடு பார்த்துக்கொண்டு நில்லுங்கள். எங்கிருந்து புறப்படுகின்றன என்று தெரிந்தால், அங்கே எடுத்த பதிவை அனுப்புங்கள். அந்த 'இருக்கலாம்' என்பதை அடித்துவிட முடியுமா என்று பார்ப்போம்.