பிளான் இல்லாமல் வீட்டு வேலையைத் தொடங்கலாமா?

கேள்வி: திருப்பூர் அருகே எங்களுக்கு 4 சென்ட் மனை இருக்கிறது. மாடியும் சேர்த்து 1,500 சதுர அடியில் வீடு கட்ட நினைக்கிறோம். கையில் 12 லட்சம் ரூபாய் உண்டு. இன்னும் 20 லட்சம் வேண்டும். "பிளான் அப்ரூவல், இன்ஜினீயர் எல்லாம் தண்டச் செலவு. முதலில் கடைக்காலைத் தோண்டுவோம், மற்றதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார் மேஸ்திரி. தொடங்கிவிடலாமா?

பதில்: தொடங்காதீர்கள். அனுமதி பெற்ற பிளான் இல்லாமல் வங்கியில் வீட்டுக்கடன் கிடைக்காது. பாதி வீட்டில் பணம் தீர்ந்தால் தனிநபர் கடனுக்குத்தான் ஓட வேண்டியிருக்கும். 20 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருட வீட்டுக்கடன் என்றால் மாதத் தவணை சுமார் 17,350 ரூபாய். அதே தொகை 14 சதவீதத்தில் 5 வருட தனிநபர் கடன் என்றால் சுமார் 46,500 ரூபாய். மேஸ்திரி மிச்சப்படுத்தித் தருவதாகச் சொல்லும் பணம் சில மாதத் தவணையிலேயே கரைந்துவிடும்.

அனுமதி வாங்குவதும் முன்போல அலைச்சல் இல்லை. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும், 7 மீட்டருக்குள் உயரம் என்றால், 2024 ஜூலை முதல் விவரங்கள் சரி என்று நீங்களே உறுதி தரும் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடியாக அனுமதி கிடைக்கிறது. உங்கள் மனை சுமார் 1,742 சதுர அடிதான். மனை அங்கீகாரம் பெற்றதா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சுயசான்று என்பதால் தகவல் தவறானால் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும்.

அதனால்தான் பதிவு பெற்ற பொறியாளர் வேண்டும் என்கிறேன். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர், பிளானில் காலியாக விட்ட பக்கவாட்டு இடத்தில் மாடிப்படியை வைத்துவிட்டார். மேஸ்திரி சொன்ன யோசனை. கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் மட்டத்தில் கடனின் அடுத்த பகுதியைக் கேட்டபோது வங்கியின் பொறியாளர் டேப்பை வைத்து அளந்தார், பணம் நின்றுவிட்டது. படியை இடித்து வேறு இடத்தில் கட்டிய பிறகுதான் பணம் வந்தது. இடித்த செலவு முழுக்க அவர் கைக்காசு.

கையெழுத்து மட்டும் போட்டுத் தரும் இன்ஜினீயரை மேஸ்திரி கூட்டிவந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்களே ஒருவரைப் பேசி, பதிவு எண்ணைச் சரிபாருங்கள். ரூஃப் கான்கிரீட்டுக்கு முன் கம்பி கட்டியதை நேரில் வந்து பார்ப்பதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மேஸ்திரிக்கும் வேலை முடிந்த அளவுக்கே பணம், அதுவும் வங்கி வழியாக.

பூமி பூஜைக்கு நாள் குறித்திருந்தால் பூஜையை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்கால் தோண்டுவது, பிளானும் கடன் ஒப்புதலும் கைக்கு வந்த பிறகு.